எட்டு இசைத்தட்டுகளும் விடுபட்டவையும்

ஆளில்லாத் தீவொன்றில் ஒதுங்க நேர்ந்தால் எந்த எட்டு இசைத்தட்டுகளைக் கொண்டுபோவீர்கள்? 1942இல் ரோய் புளொம்லி பி.பி.சி. வானொலியில் தொடக்கிய ‘டெஸேர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்’ நிகழ்ச்சி இன்றும் கேட்பது இதைத்தான். 1958இல் பாடகி எலிசபெத் ஷ்வார்ஸ்கொப் தெரிந்தெடுத்த எட்டில் ஏழு அவரே பாடியவை! சிரிக்கலாம். ஆனால் தன் வாழ்வுக்குப் பாட்டுத் தேடுகிற எவரும் தன் படத்தைத்தான் சட்டமிட்டு மாட்டுகிறார். அந்த அம்மையார் மறைக்கவில்லை, அவ்வளவே.

புகலிடத்தில் நாமும் இவ்விளையாட்டை ஆடுகிறோம். நம்மவர் பட்டியல் இளையராஜாவில் தொடங்கி அவரிலேயே முடிகிறது. எண்பதுகளில் ஒலிநாடா தேயத்தேயக் கேட்ட இயக்கப் பாடல்கள் எங்கே? அவற்றைக் கேட்டு வீட்டைவிட்டுப் போய்த் திரும்பாத பிள்ளைகள் உண்டு. அந்த அரசியலை இன்று மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். கேட்ட காதையுமா மறுப்பது?