புள்ளி இல்லாத பெயர்

கடலூர் மாவட்ட இணையதளத்தின் பெயரை நாம் கடலூர்.நிக்.இன் என்று புள்ளி வைத்துச் சொல்கிறோம். அந்தப் பெயருக்குரிய எண்முகவரியை டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும் நிரல்துண்டுகளோ, அனுப்பும் கேள்வியில் ஒரு புள்ளிகூட வைப்பதில்லை. முதலில் 9, பிறகு கடலூரின் ஒன்பது ஆங்கில எழுத்துகள், 3, ‘நிக்’, 2, ‘இன்’, கடைசியில் ஒரு 0. சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்றால் 19, 2, 2, 0. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் ஒரு தாளம் கிடைக்கிறது. ஒவ்வொரு சொல்லும் தன் நீளத்தை முன்கூட்டியே அறிவித்துவிட்டு வருகிற அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அதைவிட அழகு, டிஎன்_காம்ப் என்ற சின்ன ரொட்டீன். ஒருமுறை எழுதிய பெயரை அது மறுபடி எழுதாது. பத்திரம் எழுதுபவர் ‘மேற்படி’ என்று போடுவதுபோல, முன்பு வந்த இடத்தை இரண்டே பைட்டில் சுட்டிவிடும். பதில் வந்ததும் டிஎன்_எக்ஸ்பேண்ட் அந்தச் சுட்டலைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போய், பெயரை முழுசாக விரிக்கும். செய்தியின் எல்லையைத் தாண்டாமல், சுட்டல் தன்னையே சுட்டும் பொறியில் சிக்காமல், எண்ணி எண்ணி அடி வைக்கும். தேர்ந்த கை பட்ட வரிகள் அவை. கேள்வியை அனுப்பும் நிரல்துண்டுக்குப் பொறுமையும் உண்டு: லினக்ஸில் வழக்கமாக 5 விநாடி காத்திருக்கும், பதில் இல்லையா, அடுத்த சர்வரைக் கேட்கும். வந்த பதிலிலும் தான் கேள்விக்கு இட்ட அதே எண் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஏற்றுக்கொள்ளும்.