மீட்சிக்குப் பின் விசாரணை: ‘தேர்ட்டீன்’ தொலைக்காட்சித் தொடரில் நம்பிக்கையும் ஐயமும்

முன்னுரை

குற்றப் புலனாய்வு நாடகங்கள் பெரும்பாலும் இழப்பில் தொடங்கி மீட்பில் முடிவன. காணாமற்போனவர் கிடைத்தவுடன் அல்லது குற்றவாளி பிடிபட்டவுடன் கதை நிறைவு பெறும். மீட்கப்பட்டவர் அதன்பின் எவ்வாறு வாழ்ந்தார் என்பது அக்கதைகளின் எல்லைக்கு அப்பாற்பட்டது. பிரிட்டனின் பிபிசி த்ரீ அலைவரிசை இணையவழிச் சேவையாக மாறியிருந்த காலத்தில், 2016ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெளியிட்ட ‘தேர்ட்டீன்’ என்னும் தொடர் இம்மரபிலிருந்து விலகி நிற்கிறது. மார்னி டிக்கன்ஸ் எழுதிய ஐந்து பகுதிகள் கொண்ட இத்தொடர், பிற தொடர்கள் முடிவடையும் இடத்தில் தொடங்குகிறது. மீண்டு வந்தவரை இல்லமும் சட்டமும் எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பதை இத்தொடர்வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதையமைப்பு

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரைக் களமாகக் கொண்டது இந்நாடகம். பதின்மூன்று வயதில் கடத்தப்பட்ட ஐவி மாக்சம், பதின்மூன்று ஆண்டுகள் நிலவறைச் சிறையில் கழித்தபின், இருபத்தாறு வயதில் தப்பி வருகிறாள். தொடரின் தலைப்பு அவள் இழந்த வயதையும் இழந்த ஆண்டுகளையும் ஒருசேரக் குறிக்கிறது. கடத்தியவன் மார்க் ஒயிட் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஆகவே, குற்றம் புரிந்தவர் யார் என்னும் வழக்கமான புதிருக்கு இங்கு இடமில்லை. அவ்விடத்தை வேறொரு வினா நிரப்புகிறது: மீண்டு வந்தவள் சொல்வதை நம்பலாமா? புதிரின் மையம் குற்றவாளியிடமிருந்து பாதிக்கப்பட்டவளிடம் இடம்பெயர்வதே இத்தொடரின் கதைப்பின்னலில் நாம் முதலில் கருதத்தக்க கூறாகும்.

இல்லம் என்னும் அரங்கு

ஐவி திரும்பும் இல்லம் அவள் விட்டுச் சென்ற இல்லமன்று. தந்தை ஆங்கஸும் தாய் கிறிஸ்டினாவும் பிரிந்துவிட்டனர். தங்கை எம்மாவுக்குத் திருமணம் உறுதியாகியுள்ளது. இளமையில் ஐவி நேசித்த டிம் வேறொருத்தியை மணந்துகொண்டான். எனினும், மகளின் மனம் நோகலாகாது என்னும் எண்ணத்தால் பெற்றோர் இன்னும் இணைந்து வாழ்வதாக நடிக்கின்றனர். டிம்மின் மணவாழ்வும் அவளிடமிருந்து மறைக்கப்படுகிறது.

இந்நடிப்பு அன்பின் விளைவே. ஆயினும், அதன் பயன் எதிர்மாறாக அமைகிறது. பதின்மூன்று ஆண்டுகள் தன் விருப்பப்படி உலகை அறிய இயலாதிருந்தவள், மீண்டும் பிறர் தேர்ந்து காட்டும் உலகையே காண்கிறாள். குடும்பத்தார் காத்திருந்தது ஒரு சிறுமிக்காக. வந்திருப்பவளோ அவர்கள் அறியாத ஒரு பெண். அவர்களது துயரத்தின் அளவைக் காட்டும் அதே பொய், அவளை அவர்கள் இன்னும் அறிந்துகொள்ளவில்லை என்பதையும் காட்டிவிடுகிறது.

இவ்விரட்டை நிலையை ஐவியாக நடித்த ஜோடி கோமர் உடல்மொழியாலேயே உணர்த்துகிறார். வளர்ந்த பெண்ணின் உடலில் வளராத சிறுமியின் தயக்கமும், பேச்சில் இடறலும் தென்படுகின்றன. அடுத்த கணமே, உயிர்பிழைக்கக் கற்றுக்கொண்ட ஒருத்தியின் எச்சரிக்கை அவர் பார்வையில் வெளிப்படுகிறது. இந்நடிப்பிற்காக 2017ஆம் ஆண்டு பாஃப்டா தொலைக்காட்சி விருதுகளில் சிறந்த நடிகைக்கான பரிந்துரையை அவர் பெற்றது பொருத்தமானதே.

விசாரணை அறையில் மௌனம்

புலனாய்வு அதிகாரிகளுள் எலியட் கார்ன் ஐவியிடம் பரிவு கொள்கிறார். அப்பரிவு சில வேளைகளில் கடமையின் எல்லையையும் மீறுகிறது. லிசா மெர்ச்சன்ட்டோ அவளை ஐயுறுகிறார். ஐவி கூறியவற்றுக்கும் காவல்துறையினர் கண்டறிந்தவற்றுக்கும் இடையே முரண்கள் தோன்றத் தோன்ற அவ்வையம் வலுக்கிறது.

இங்கு இருவேறு மொழிகள் மோதுவதை நாம் காணலாம். சட்டம் வேண்டுவது நாள், நேரம், இடம் பிறழாத வாக்குமூலம். பெருந்துன்பத்திற்கு உள்ளானவரின் நினைவோ அவ்வொழுங்கில் வெளிவருவதில்லை. அச்சமும் நாணமும், கடத்தியவனோடு வாழ நேர்ந்த வாழ்வின் சிக்கலான பிணைப்பும் அதனை இடைமறிக்கின்றன. மறைத்தது பொய்யாகவும் பொய் உடந்தையாகவும் பொருள்கொள்ளப்படும் படிநிலையை இத்தொடர் பொறுமையாகச் சித்திரிக்கிறது.

இஃது வெறும் கற்பனையன்று. 1998ஆம் ஆண்டு பத்து வயதில் ஆஸ்திரியாவில் கடத்தப்பட்ட நட்டாஷா கம்புஷ், 3,096 நாள்களுக்குப் பின் 2006ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் தானே தப்பினார். கடத்தியவனை முற்றிலும் கொடிய விலங்காக மட்டும் சித்திரிக்க அவர் மறுத்தபோது, தொடக்கத்தில் பரிவு காட்டிய பொதுமக்களுள் பலர் ஐயமும் வெறுப்பும் காட்டினர். 1973ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் வங்கிக் கொள்ளையை அடியொற்றி எழுந்த ‘ஸ்டாக்ஹோம் நோய்க்குறி’ என்னும் பெயரைத் தமக்குச் சூட்டுவதையும் அவர் ஏற்கவில்லை. உயிர்வாழ்வதற்காக ஒருவர் மேற்கொண்ட வழியை நோயாகப் பெயரிடுவது, அவரது சொல்லைக் கேளாமலிருப்பதற்கு ஓர் எளிய வாயிலாகிவிடுகிறது.

தமிழ் இலக்கியத்தில் இவ்வினா

மீண்டு வந்த பெண் மீண்டும் விசாரிக்கப்படும் நிலை தமிழ் வாசகருக்குப் புதியதன்று. கம்பராமாயணத்தின் மீட்சிப் படலத்தில், சிறைமீண்ட சீதை இராமனின் கடுஞ்சொற்களுக்கு ஆளாகி எரி புகுகிறாள். அவளது கற்பின் வெம்மையைத் தாங்கமாட்டாத தீக்கடவுளே அவளது தூய்மைக்குச் சான்று பகர்கிறான். புதுமைப்பித்தன் 1943ஆம் ஆண்டு எழுதிய ‘சாபவிமோசனம்’ சிறுகதையில், இச்செய்தியைச் சீதை வாயிலாகவே கேட்டறியும் அகலிகை மீண்டும் கல்லாகிறாள். சான்று கேட்டவன் தன்னை மீட்டவனே என்பதை அவளால் தாங்க இயலவில்லை. காலத்தாலும் களத்தாலும் பண்பாட்டாலும் இப்படைப்புகள் வேறானவை. ‘தேர்ட்டீன்’ தொடரில் கற்பு பேசுபொருளன்று. வாக்குமூலத்தின் உண்மையே பேசுபொருள். ஆயினும், துன்புற்றவளே சான்று தர வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு இவையனைத்திலும் பொதுவாக நிற்கிறது. அகலிகை அவ்வெதிர்பார்ப்பையே குற்றமாகக் காண்கிறாள்.

தொடரின் குறை

இந்த அளவுகோலைக் கொண்டு நோக்கும்போதுதான் தொடரின் பிற்பகுதியிலுள்ள குறை புலப்படுகிறது. மார்க் ஒயிட் ஃபீபி என்னும் மற்றொரு சிறுமியைக் கடத்துகிறான். அவளை மீட்கும் முயற்சியில் ஐவி மீண்டும் அவன் கையில் சிக்குகிறாள். இதன்பின் தொடர் விறுவிறுப்பை நாடி விரைகிறது. முற்பகுதியில் நாம் கண்ட இல்லத்தின் பொய்களும் மௌனத்தின் நுட்பங்களும் பின்தள்ளப்படுகின்றன.

இதனை வேகம் கூடியதால் நேர்ந்த இழப்பாக மட்டும் நாம் கருதவில்லை. தன்னையே இடருக்கு உட்படுத்திக் கொண்டதன் வாயிலாகவே ஐவி ஐயத்திலிருந்து விடுபடுகிறாள். அவள் சொல்லைக் கேட்டு நம்பாத உலகம், அவள் செயலைக் கண்டு நம்புகிறது. ஐயத்தைக் குறைகூறத் தொடங்கிய நாடகம், இறுதியில் தானும் ஒரு சோதனையை வைத்தே அவளை விடுவிக்கிறது. இத்தகைய துணிவைக் காட்டாமல், முரண்பட்ட வாக்குமூலத்தோடு வீட்டின் மூலையில் அமர்ந்திருக்கும் ஓர் ஐவியை நாம் நம்புவோமா என்னும் வினாவைத் தொடர் எழுப்பியது. விடை தேடும் முன்னரே அதனைக் கைவிட்டுவிட்டது.

முடிவுரை

இக்குறை இருப்பினும், மீட்பு என்பது ஒரு நிகழ்ச்சியன்று, நெடிய வாழ்வு என்பதை வெகுமக்கள் ஊடகத்தில் அழுத்தமாக நிறுவிய படைப்பாக ‘தேர்ட்டீன்’ தொடரை மதிப்பிடலாம். அதன் முதல் மூன்று பகுதிகள் பாத்திரப்படைப்பைக் கற்பிப்போருக்கும் பயன்தரத்தக்கவை. ஒரு கதைமாந்தரின் மௌனத்தைக் குறைபாடாகவோ வஞ்சமாகவோ கொள்ளாமல், அவர் பட்டறிவின் மொழியாக வாசிக்க அவை பயிற்றுகின்றன. வகுப்பறையில் பேசத் தயங்கும் மாணவரை அணுகும்போதும் இவ்வாசிப்புப் பயிற்சி ஆசிரியருக்கு வேண்டற்பாலதே. சான்று கேட்பதற்கு முன் செவிமடுத்தல் வேண்டும் என்பதே இத்தொடரின் முற்பகுதி நமக்கு உணர்த்தும் கருத்தாகும். அதன் பிற்பகுதி மறந்துவிட்ட கருத்தும் அதுவே.