கடுகு கேட்கப் போனவள்

துக்கம் விசாரிக்கப் போகிறவர்களுக்கென்று நம்மிடையே நாலைந்து வாக்கியங்கள் தயாராக இருக்கின்றன. "பிறந்தவர்கள் எல்லாரும் ஒரு நாள் போகவேண்டியவர்கள்தானே", "ஊர் உலகத்திலே நடக்காததா?", "அவன் கொண்டுவந்தது அவ்வளவுதான்" என்பவை அவற்றில் சில. இவற்றில் ஒன்றுகூடப் பொய்யில்லை. சொல்கிறவர்களும் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவள் காதில் அவை விழுவதில்லை. விழுந்தால் உள்ளூரக் கொஞ்சம் கோபந்தான் வருகிறது. 'உலகத்தில் நடப்பது கிடக்கட்டும், எனக்கல்லவா நடந்திருக்கிறது' என்கிற கோபம்.

பௌத்தக் கதைகளில் மிகவும் பிரசித்தமானது கிஸாகோதமியின் கதை. செத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து மருந்து கேட்ட தாயிடம், சாவே நேராத வீட்டிலிருந்து கொஞ்சம் கடுகு வாங்கி வரும்படி புத்தர் சொல்லி அனுப்புகிறார். அவள் வீடு வீடாய் அலைகிறாள், அப்படி ஒரு வீடு கிடைக்கவில்லை, தெளிவடைகிறாள். கதையின் சாரம் என்று எல்லோரும் எடுத்துச் சொல்வது, பிறந்தவர்கள் எல்லாரும் போகவேண்டியவர்கள் என்பதைத்தான். அதாவது, துக்கம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன அதே வாக்கியம். அவர் சொல்லிப் பலிக்காதது இங்கே மட்டும் எப்படிப் பலித்தது? மகான் சொன்னார், பலித்தது என்றால் பக்தனுக்குப் போதும். கதை எழுதிப் பிழைக்கிற எனக்குப் போதவில்லை.

நம்மில் பெரும்பாலோருக்கு இந்தக் கதை கவிமணியின் 'ஆசிய ஜோதி' வழியாக அறிமுகமானது. அதற்கு மூலம், எட்வின் ஆர்னால்டு என்ற ஆங்கிலேயர் 1879-ல் வெளியிட்ட காவியம். ஆர்னால்டின் கிஸாகோதமி தோப்பிலே குழந்தையோடு தனியாக வாழ்கிறவள். பூக்களிடையே விளையாடிய குழந்தையைப் பாம்பு தீண்டிவிடுகிறது. படிக்க மிகவும் அழகாக இருக்கிறது. ஆனால் ஆர்னால்டின் கையில் கதையிலிருந்து ஒரு முக்கியமான சங்கதி நழுவிப்போய்விட்டது. அந்தச் சங்கதி அவளுடைய மாமியார் வீடு.

கடுகுக் கதை மூல நூலான தேரிகாதையின் பாடல்களில் இல்லை, உரைகளில்தான் வருகிறது. தேரிகாதை என்பது பௌத்தத் துறவு பூண்ட பெண்களின் பாடல்கள் 73 அடங்கிய பாலித் தொகுதி. அதற்கு உரை வகுத்த தருமபாலர், தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்த பதரதித்தம் என்ற விகாரையில் வாழ்ந்தவர் என்று பௌத்த மரபு சொல்கிறது. அவர் சொல்லும் கதையைக் கேளுங்கள். கோதமி சாவத்தி நகரத்தில் ஓர் ஏழை வீட்டுப் பெண். மெலிந்த உடம்பு, ஆகவே 'கிஸா' என்று ஒட்டுப்பெயர். நாம் 'ஒல்லிக் கோதமி' என்று கூப்பிட்டிருப்போம். கல்யாணமாகிப் போன இடத்தில், ஒன்றுமில்லாத வீட்டிலிருந்து வந்தவள் என்று அவளை ஒரு பொருட்டாக யாரும் மதிக்கவில்லை. பிள்ளை பிறந்தது. அன்றிலிருந்து மரியாதை. அந்தப் பிள்ளை ஓடி விளையாடுகிற வயதில் செத்துப்போனான்.

இப்போது அவள் மனத்தில் ஓடும் எண்ணத்தைத் தருமபாலர் எழுதுகிறார். முன்பு இந்த வீட்டில் நமக்கு அவமதிப்புத்தான் இருந்தது; இவன் பிறந்த பிறகுதான் மதிப்பு வந்தது; இப்போது இவனை வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிடப் பார்ப்பார்கள். இப்படி எண்ணித்தான் பிணத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு தெருவில் இறங்குகிறாள். இதைப் படித்தபோது, பதினைந்து நூற்றாண்டுக்கு முன்னால் ஒரு துறவி இதை எப்படிக் கண்டுகொண்டார் என்று திகைத்துப்போனேன். பிள்ளை போன துக்கம் ஒன்று. அவனோடு சேர்ந்து தான் நின்றுகொண்டிருந்த இடமே போய்விட்டதென்ற பயம் இன்னொன்று. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. எது எது என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

சம்யுத்த நிகாயத்தில் இரண்டு அம்புகளைப் பற்றி ஒரு சூத்திரம் இருக்கிறது. பயிற்சியில்லாதவன் உடம்பில் வலி வந்தால் மனத்திலும் அரற்றுகிறான். ஓர் அம்பு பட்டவன்மேல் இரண்டாவது அம்பும் தைத்ததுபோல் இரண்டு வலி அவனுக்கு. பயிற்சியுள்ளவனுக்கும் முதல் அம்பு தைக்காமல் விடுவதில்லை. இரண்டாவது மட்டும் இல்லை. சூத்திரம் பேசுவது உடல் வலியைப் பற்றி. ஆனால் நம் வீடுகளில் தினசரி நடப்பவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் நான் கண்டதில்லை. சொந்தத்தில் ஒரு கல்யாணம்; பத்திரிகையை நேரில் வந்து வைக்காமல் தபாலில் அனுப்பிவிட்டார்கள். முதல் அம்பு அவ்வளவுதான். சின்ன முள் என்றே சொல்லலாம். அதற்குமேல், இருபது வருஷத்துக்கு முந்திய வளைகாப்பில் யார் யாரைக் கவனிக்கவில்லை என்பதிலிருந்து கணக்கு ஆரம்பித்து, ராத்திரித் தூக்கம் போய், காலையில் காப்பி கசந்து, வீட்டுக்காரர்மேல் எரிந்து விழுகிற வரையில் இரண்டாவது அம்பின் வேலை. இந்த வலியிலிருந்து வெளியேற வேறு வழி தெரியாததால் ஜனங்கள் இன்பங்களைத் தேடி ஓடுகிறார்கள் என்றும் அதே சூத்திரம் சொல்கிறது. நாவல் படிப்பதும் அதில் சேர்த்தி என்றுதான் நினைக்கிறேன். வாசகர்கள் மன்னிக்க வேண்டும். என் பிழைப்பும் அதில் அடங்கியிருக்கிறது.

இரண்டாவது அம்பைப் பிடுங்குவது எப்படி? 'பிடுங்கிப் போடு' என்று சொன்னால் பிடுங்கிவிட முடியுமா? பக்கத்து வீட்டுக்காரர் அதைத்தான் சொல்கிறார்.

கடுகுக் கதையின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது. கோதமி இரண்டு தடவை அந்தத் தெருக்களைச் சுற்றுகிறாள். புத்தரிடம் வருவதற்கு முன்பே ஒரு தடவை வாசல் வாசலாய் ஏறி இறங்கியாயிற்று. 'என் பிள்ளைக்கு மருந்து கொடுங்கள்' என்று கேட்கிறாள். மருந்தாவது, எதற்கு என்று ஜனங்கள் பரிகாசம் செய்கிறார்கள். ஒரே ஒருவர் மட்டும் இவள் புத்தி பேதலித்திருப்பதை உணர்ந்து புத்தரிடம் அனுப்புகிறார். (பெயரில்லாத அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கிறது. பிணத்துக்கு மருந்தில்லை என்று அவரும் சொல்லவில்லை.) இரண்டாவது சுற்று கடுகுக்காக. தெரு அதுவேதான், வாசல்களும் அவையேதான். ஆனால் அவள் கேட்கிற கேள்வி மாறிவிட்டது. முதல் சுற்றில் அவள் தன்னைப் பற்றித்தான் பேசினாள். இரண்டாவது சுற்றில், 'உங்கள் வீட்டில் யாராவது செத்ததுண்டா?' என்று பிறரைக் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கவும் வேண்டியிருக்கிறது.

மருந்துச் சரக்குக்குக் கடுகைத் தேர்ந்ததிலும் சாமர்த்தியம் இருக்கிறது. கடுகில்லாத அடுப்பங்கரை ஏது? ஆகையால் எந்த வீட்டிலும் முதலில் 'இல்லை' என்ற சொல் வராது, கொடுக்கத்தான் வருவார்கள். கையில் கடுகோடு வந்து நிற்கிற பெண்ணிடம் சாவைப் பற்றிக் கேட்பது வேறு. வெறுமனே கேட்பது வேறு. ஐயவி என்கிற வெண்கடுகு பச்சைக் குழந்தைகளுக்கும் புண்பட்டவர்களுக்கும் காப்பு என்று நம் பழைய நூல்களிலும் வருகிறது. கடுகை மருந்தென்று அவள் நம்பியதில் பைத்தியம் ஒன்றுமில்லை.

ஒவ்வொரு வாசலிலும் அவளுக்கு என்ன பதில் கிடைத்தது என்பதை உரைகாரர்கள் நீட்டவில்லை. நிறையப் பேர் செத்திருக்கிறார்கள், யாரென்று எண்ணுவது என்கிற மாதிரி ஒன்றிரண்டு வாக்கியங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் எழுதியிருந்தால் ஒரு வீட்டில் கிழவரையும், அடுத்த வீட்டில் புதிதாய்த் தாலியறுத்தவளையும் நிறுத்தி ஆளுக்கொரு பக்கம் பேச வைத்திருப்பேன்; கதை கெட்டிருக்கும். தருமபாலரின் கதையில் இரண்டு மூன்று வீட்டிலேயே அவளுக்கு விளங்கிவிடுகிறது. ஊர் முழுவதும் சுற்றிக் கணக்கெடுக்கவில்லை அவள். கணக்கினால் வந்த தெளிவாக இருந்தால் இரண்டு மூன்று வீடு போதாதே! புருஷன் வீட்டில் ஒரு பொருட்டாக மதிக்கப்படாதவள், இன்னொருத்தி வாசலில் நின்று அவள் துக்கத்தைக் கேட்கிறவளாக ஆனாள் அல்லவா, அதைத்தான் மருந்தென்று நான் எடுத்துக்கொள்கிறேன். அதன் பிறகே குழந்தையைச் சுடுகாட்டில் விட அவளுக்கு முடிகிறது.

தேரிகாதையிலேயே உப்பிரி என்ற ராணி ஒருத்தி வருகிறாள். ஜீவா என்ற மகளைச் சாகக் கொடுத்துவிட்டுத் தினமும் சுடுகாட்டுக்குப் போய் அழுகிறாள். இந்த இடத்தில் ஜீவா என்ற பெயருடைய பெண்கள் 84,000 பேர் எரிக்கப்பட்டிருக்கிறார்கள்; யாருக்காக அழுகிறாய் என்று புத்தர் அவளைக் கேட்கிறார். பௌத்த நூல்களில் 84,000 சகஜமான எண்தான். ஆனால் அந்தப் பெயர்! நம்மிடையே இன்றும் வழங்குகிற பெயர் அது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட தாய்மார்கள் அத்தனை பேரும் கேள்விக்குள் வந்து நின்றுவிடுகிறார்கள்.

இவற்றோடு ஒப்பிட நம்மிடமே ஒரு பெருநூல் இருக்கிறது. மணிமேகலையில், மகன் உதயகுமரன் வெட்டுண்டு செத்தபின் சோழன் மாதேவி மணிமேகலையைச் சிறையிலிருந்து தன்னிடம் வரவழைத்துப் பலவிதமாக வதைக்கிறாள். எதுவும் பலிக்காமல் கடைசியில் உடைந்து அழுகிறாள். அப்போது மணிமேகலை நியாயம் பேசுகிறாள். உடம்புக்காக அழுகிறாயா, உயிருக்காக அழுகிறாயா? உடம்புக்கென்றால் அதைச் சுடுகாட்டில் இட்டவர் யார்? உயிருக்கென்றால் அது போய்ச் சேர்ந்த இடம் உனக்குத் தெரியாது. அந்த உயிரிடம் அன்பிருந்தால் எல்லா உயிரிடமும் இரங்க வேண்டும். வாதம் அப்பழுக்கில்லாதது. சாத்தனாரின் கணக்குப்படி ராணியும் தெளிந்துவிடுகிறாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பெற்றவளிடம் இப்படித் தர்க்கம் பேசினால் அவள் வாயடைத்துப் போவாள், மனம் ஆறுமா?

ஆனால் சாத்தனார் மகாகவி. அடுத்தாற்போல் அவர் ஒரு காரியம் செய்கிறார். ராணி மணிமேகலையை வணங்குகிறாள். மணிமேகலைக்கு அது பொறுக்கவில்லை. தகாத காரியம் செய்தீர்கள், என் அன்புக்குரியவனைப் பெற்றவர் நீங்கள் என்று சொல்லி எதிர் வணங்குகிறாள். உதயகுமரன் முற்பிறப்பில் அவள் கணவன் என்பது காவியத்தில் முன்பே வந்திருக்கிறது. அதுவரை உபதேசம் செய்துகொண்டிருந்த துறவி, தானும் அவனை இழந்தவள்தான் என்பதை இந்த ஒரு சொல்லில் காட்டிக்கொடுத்துவிடுகிறாள். ராணி போய் நின்ற கடுகு வீடு அது என்பேன். சாத்தனாரின் தர்க்கத்தையெல்லாம் மறந்த பிறகும் இந்த வணக்கம் எனக்கு மறக்கவில்லை.

இந்தப் பாலிக் கதைகளை நான் படித்தது ஆங்கிலத்தில். தேரிகாதைப் பாடல்களைத் தருமபாலரின் கதைகளோடு சேர்த்து மொழிபெயர்த்து 1909-ல் வெளியிட்டவர் கரோலின் ரைஸ் டேவிட்ஸ் அம்மையார். அவருடைய கணவர் இலங்கையில் சிவில் சர்வீஸில் இருந்தவர். 1881-ல் பாலி நூற்சங்கத்தை நிறுவியவர். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரின் கதைகளை அம்மையார் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் எழுதினார். கடுகும் அதில் இருந்தது. எட்டு வருஷம் கழித்து, முதல் மகாயுத்தத்தில் விமானியாகப் பேர் வாங்கியிருந்த அவருடைய மகன் ஆர்தர், 1917 அக்டோபர் 27-ஆம் தேதி சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தான். வயது இருபது.

அம்மையார் இறந்த மகனோடு பேச முயன்று ஆவியுலக ஆராய்ச்சியில் இறங்கினார். நிலையான 'தான்' என்று ஒன்று இல்லை என்பது பௌத்தத்தின் அடிப்படை அல்லவா? அது புத்தர் சொன்னதே அல்ல, பின்னால் வந்த பிக்ஷுக்கள் சேர்த்தது என்று புத்தகம் புத்தகமாக வாதாடினார். கணவர் 1922-ல் காலமான பிறகு சங்கத்தின் தலைமையை ஏற்று, 1942-ல் இறக்கும் வரையில் பாலி நூல்களோடேயே வாழ்ந்தார். அறிஞர்கள் அவருடைய பிற்கால நூல்களைச் சங்கடத்தோடு ஒதுக்கிவைக்கிறார்கள். ஆராய்ச்சி என்ற அளவில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் இதைக் காட்டி, இவ்வளவு படித்தும் பலனில்லையே என்று ஏளனமாகப் பேசுகிறவர்களோடு எனக்குச் சம்மதமில்லை. கடுகுக் கதையை மொழிபெயர்ப்பது வேறு, கடுகு கேட்டுப் போவது வேறு. அந்த யுத்தத்தில் ஐரோப்பாவில் சாவு விழாத தெருவே இல்லை. எல்லா வீட்டிலும் சாவு; எல்லோரும் உள்ளே இருந்துகொண்டு அழுதார்கள். எந்த வாசலில் போய் நிற்பது?

கிஸாகோதமியின் துக்கமும் கடுகோடு ஒரேயடியாய்த் தீர்ந்துவிட்டதென்று பழைய நூல்கள் சொல்லவில்லை. துறவு பூண்ட பிறகு விளக்கேற்றுகிற முறை அவளுக்கு வருகிறது. சுடர்கள் எழும்புவதையும் அவிவதையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள் என்று தம்மபத உரை சொல்கிறது. சம்யுத்த நிகாயத்தில் வேறொரு காட்சி. பிச்சையெடுத்து உண்டபின், சாவத்திக்குப் பக்கத்தில் அந்தவனம் என்ற காட்டில் ஒரு மரத்தடியில் அமர்ந்திருக்கிறாள். மாரன் வருகிறான். செத்த பிள்ளையையே எடுத்துப் பேசுகிறான்: பிள்ளையைப் பறிகொடுத்தவள்போல் அழுத முகத்தோடு தனியே ஏன் உட்கார்ந்திருக்கிறாய்? ஆண்துணை தேடியா காட்டுக்கு வந்தாய்?

அவள் முகம் உண்மையிலேயே அழுத முகமாக இருந்ததா, மாரன் அப்படிச் சொல்லிப் பார்க்கிறானா என்பதை நூல் சொல்லாமல் விட்டிருக்கிறது. அவள் உடனே பதில் சொல்வதில்லை. இப்படிப் பேசுவது யார், மனிதனா, மனிதனல்லாத ஒன்றா என்று முதலில் தனக்குள் கேட்டுக்கொள்கிறாள். மாரன் என்று தெரிகிறது. பிள்ளைச் சாவு எனக்கு முடிந்துபோன விஷயம். நான் அழவுமில்லை, உன்னிடம் எனக்குப் பயமுமில்லை என்கிறாள். இவள் என்னை அறிந்துகொண்டாள் என்று வாடிய முகத்தோடு மாரன் அங்கிருந்து மறைகிறான்.