கப்பல் தெரியும், கணக்கு?

சந்திரசேகரின் கப்பல் நம் எல்லாருக்கும் தெரியும். 1930இல் சென்னையில் பட்டம் முடித்து, பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குப் போகும் வழியிலேயே அந்த எல்லையைக் கணக்கிட்டார். தமிழில் நான் படித்த கட்டுரைகளில் கப்பல் வரும், கடல் வரும், பிறகு 1983இன் நோபல் வரும். கணக்கு மட்டும் வராது.

நானும் அந்த ரகம்தான். துயரம் சேரச் சேர ஊதிப் பெருக்கும் வெண்குறுமீன் என்று ஒரு கவிதை எழுதி, நாலு பேரிடம் பாராட்டும் வாங்கினேன்.

பிராட்லி கேரலும் டேல் ஆஸ்ட்லியும் எழுதிய 'நவீன வானியற்பியலுக்கு ஓர் அறிமுகம்' 1996இல் வந்த ஆங்கிலப் பாடநூல். ஆயிரம் பக்கத்துக்கு மேல். செல்லப்பெயர், 'பெரிய ஆரஞ்சுப் புத்தகம்'. தலைப்பில் இருக்கும் 'அறிமுகம்' கொஞ்சம் குசும்புதான். நுண்கணிதம் தெரியாதவனை இரண்டாம் அத்தியாயத்திலேயே, நியூட்டனிலிருந்து கெப்ளரை வரவழைக்கும் இடத்தில், வாசலுக்கு அனுப்பிவிடும். இரண்டு தடவை வெளியே போய், பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

ஒவ்வொரு சமன்பாடும் விற்பனையைப் பாதியாக்கும் என்று ஹாக்கிங்கிடம் சொன்னார்களாம். 1988இல் வந்த அவருடைய புகழ்பெற்ற நூலில் ஒரே ஒரு சமன்பாடுதான். படித்தபோது வியப்பு கிடைத்தது. எதையும் என்னால் சரிபார்க்க முடியவில்லை. பாடநூலில் மூன்றாம் அத்தியாயத்திலேயே அது மாறியது. 61 சிக்னி என்ற நட்சத்திரத்துக்கு 1838இல் பெசல் அளந்த இடமாறு கோணம் சுமார் 0.31 விகலை. ஒன்றை அதால் வகுத்தால் தூரம், பார்செக்கில். மளிகைக்கடை ரசீதின் பின்பக்கம் நானே போட்டேன்: பத்தரை ஒளியாண்டு. இன்றைய அளவு 11.4.

வெண்குறுமீன் வரைக்கும் வர எட்டு மாசம் ஆச்சு. அணைந்த நட்சத்திரத்தைத் தாங்குவது வெப்பமில்லை. ஒரே நிலையில் இரண்டாக இருக்க மறுக்கும் எலக்ட்ரான்களின் அழுத்தம். நிறை கூடினால் ஈர்ப்பு இறுக்கும், எலக்ட்ரான்கள் வேகமெடுக்கும். ஒளிவேகத்தை நெருங்கியதும் அழுத்தம் முன்புபோல விறுவிறுவென்று ஏறாது. சூரியனைப் போல சுமார் 1.4 மடங்குக்கு மேல் தாங்காது. அதோடு, நிறை கூடக் கூட வெண்குறுமீன் சிறுத்துக்கொண்டே போகும். ஒரு சூரியனின் நிறை கிட்டத்தட்ட பூமி அளவுக்குள் கிடக்கும்.

அப்ப என் கவிதை? தலைகீழ்.

நடை வறட்சிதான். ஒரு இடத்தில்கூட தோளில் கை போடவில்லை. ஆனால் என் வரி பொய் என்று சொன்ன முதல் விமர்சகர் இந்தப் புத்தகம். 'பெருக்கும்' என்பதை 'சிறுக்கும்' என்று மாற்றிப் பார்த்தேன். அடுத்த மூன்று வரி நிற்கவில்லை. இப்போது அது நோட்டில் அடித்தபடி கிடக்கிறது, பக்கத்தில் பென்சிலில் 1.4.