‘எல்’ இருக்கா, அண்ணாச்சி?

லேப்டாப்பில் போடும் டிடிஆர்3 ராமையும் டிடிஆர்3எல் ராமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. அதே நீளம், அதே 204 பின், அதே இடத்தில் வெட்டு. டிடிஆர்2 ஸ்லாட்டில் டிடிஆர்3 இறங்காது, வெட்டு தடுத்துவிடும். இந்த இரண்டுக்கும் அப்படிக் காவல் எதுவும் கிடையாது. ஒன்று 1.5 வோல்ட் கேட்கும், மற்றது 1.35-இலேயே ஓடும். ஸ்டிக்கரில் பிசி3 என்று இருக்கிறதா, பிசி3எல் என்று இருக்கிறதா, அவ்வளவுதான் அடையாளம்.

உடன்குடி பஜாரில் சிஸ்டம் சர்வீஸ் பார்க்கிற தம்பி ஒருவரின் கண் அந்த ‘எல்’லில்தான் முதலில் போய் நிற்கும். கருப்பட்டிக் கடைக்காரர் ஒருவர் பில் போடும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். “ராம் புதுசுதான போட்டேன், டிஸ்ப்ளேயே வரலியே?” தம்பி ராமைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். “ராம்ல குத்தம் இல்ல அண்ணாச்சி. உங்க மிஷினுக்கு எல் போட்டதுதான் ஆகும்.”

அந்த லேப்டாப்பில் இருந்தது 2013-இல் இன்டெல் கொண்டுவந்த பே டிரெயில் வகை செலரான். அதற்கு 1.35 மட்டுமே ஒத்துவரும். மறுதலையாகப் பார்த்தால் டிடிஆர்3எல் சாது, 1.5 கொடுத்தாலும் ஓடும். பக்கத்துக் கல்லாமொழிக் கடற்கரையில் அனல்மின் நிலையத்தின் 660 மெகாவாட் அலகுகள் இரண்டு எழும்பி, ஊரே மெகாவாட் பேசுகிற இடத்தில், ஒருவர் 0.15 வோல்ட்டுக்கு மல்லுக்கட்டுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அது சின்ன விஷயமும் இல்லை. ராம் இழுக்கும் மின்திறன் ஏறக்குறைய வோல்ட்டின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும், 1.5-லிருந்து 1.35-க்கு வந்தால் சுமார் 19 சதவீதம் மிச்சம்.

முன்பெல்லாம் ராமை மேய்க்கிற கன்ட்ரோலர் மதர்போர்டில், தனிச் சிப்பில் இருந்தது. ஏ.எம்.டி. 2003-இலும் இன்டெல் 2008-இலும் அதைப் பிராசசருக்குள்ளேயே கொண்டுபோனார்கள். அன்றிலிருந்து ராமுக்கு அதிக வோல்ட் கொடுத்தால் அடி விழுவது விலை கூடிய பாகத்துக்கு. முதல் கோர் ஐ7 வந்தபோது, 1.65 வோல்ட்டுக்கு மேல் போனால் பிராசசர் கெட்டுப்போகலாம் என்று ஸ்லாட்டின் மேலேயே எச்சரிக்கை ஒட்டி வந்த போர்டுகள் உண்டு. அப்போது வேகப்பிரியர்கள் வாங்கிய ராம்களில் சில 1.8-க்கு மேலேயே கேட்டன!

டிடிஆர்4 வந்ததும் கணக்கு 1.2-க்கு இறங்கியது, டிடிஆர்5-இல் 1.1. கடைசியதில் வோல்ட்டைச் சீர்செய்யும் சிப்பே ராம் பலகையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. போர்டின் பொறுப்பில் பாதி போயிற்று; எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

கேம் விளையாடும் பையன்கள், ராமின் வேகத்தை ஏற்றும் எக்ஸ்எம்பி அமைப்பைப் போடச் சொல்லி வருவார்கள். 1.2-இல் சாதுவாக ஓடும் டிடிஆர்4 ராம், பெரும்பாலும் 1.35-க்கு ஏறி 3200 காட்டும். தம்பி மறுப்பதில்லை. பயாஸில் அந்த ஒரு வரியை மாற்றி, பிராசசரும் போர்டும் அந்த வேகத்தைத் தாங்குமா என்று பட்டியலில் பார்த்து, ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட விட்டுக் கடையைப் பூட்டுவார். காலையில் சிவப்பில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் வேகத்தை ஒரு படி இறக்குவாரே தவிர, வோல்ட்டைக் கூட்ட மாட்டார்.