இறையாணையும் இயற்கைச் சட்டமும்: கிறித்தவ அறத்தின் அடிப்படை பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஊவா மாகாணத்துத் தெமோதரையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் வாழ்வோருட் பெரும்பாலார் சைவர்; கிறித்தவர் சிலர். தோட்டங்களை அடுத்த கிராமங்களில் வாழ்வோர் பெரும்பாலும் பௌத்தர். வழிபாட்டில் வேறுபட்ட இம்முத்திறத்தாரும் கொலையும் களவும் பொய்யும் தீயன என்பதில் வேறுபடுவதில்லை. இவ்வொற்றுமைக்குக் காரணம் யாது? கடவுள் விதித்தமையால் ஒரு செயல் நன்றாயிற்றா? அன்றி, அது நன்றாயிருத்தலாற் கடவுள் அதனை விதித்தாரா? கிரேக்க ஞானி பிளேட்டோ 'யூதிப்ரோ' என்னும் தம் உரையாடலில் வேறு சொற்களால் எழுப்பிய இவ்வினா, கிறித்தவ அறநூலிலும் தீராது நின்று நிலவுகின்றது.

இறைவனது ஆணையே அறத்திற்கு மூலம் என்பர் ஒரு சாரார். மோசே வாயிலாக அருளப்பட்ட பத்துக் கட்டளைகளும், மகனைப் பலியிடுமாறு ஏவப்பட்ட ஆபிரகாம் மறுமொழி கூறாது புறப்பட்ட வரலாறும் இவர்தம் சான்றுகள். பதினான்காம் நூற்றாண்டினரான ஒக்காம் ஊர் வில்லியம் என்னும் துறவி இக்கொள்கையை அதன் எல்லைவரை கொண்டு சென்றார். களவையே இறைவன் விதித்திருப்பின், அதனைச் செய்தல் குற்றமாகாது என்னுமளவிற்கு அவர் வாதம் சென்றது.

இக்கொள்கைக்கு ஒரு வலிமை உண்டு. மன்னனது ஆணைக்கு மேலும் ஓர் ஆணை உண்டு என்பதை அஃது ஒருபோதும் மறக்கவிடாது. ஆயின், அதன் குறை பெரிது. கொழுந்து பறிக்கும் சைவப் பெண்ணொருத்தி கிறித்தவரான துரையை நோக்கி, "இஃது அநீதி" எனக் கூறுகின்றாள் எனக் கொள்வோம். அவள் மோசேயின் கட்டளைகளை அறியாள். ஆணையே அறத்தின் ஒரே மூலமாயின், அவள் கூற்று வெறும் முறையீடாகுமேயன்றி நீதியின் குரலாகாது. இம்முடிவை நம் மனம் ஒப்புமா?

ஒப்பாது என்பதே மற்றொரு சாராரின் விடை. திருச்சட்டத்தைப் பெறாத மக்களின் உள்ளத்திலும் அதன் கருத்துப் பொறிக்கப்பட்டுள்ளது என உரோமருக்கு எழுதிய நிருபத்திற் பவுலடிகள் உணர்த்தினார். இதனை விரித்து, பதின்மூன்றாம் நூற்றாண்டில் இயற்கைச் சட்டக் கோட்பாடாக நிறுவியவர் தோமஸ் அக்குவைனாஸ். இறைவனது நித்திய சட்டத்திற் பகுத்தறிவுடைய உயிர் கொள்ளும் பங்கே இயற்கைச் சட்டம் என்பது அவர் கொள்கை. ஆகவே, மேற்கூறிய பெண்ணின் சொல்லும் அறத்தின் சொல்லேயாம்.

எனினும், இதனையும் ஆராயாது ஏற்றல் தகாது. இயற்கை கூறுவது இது என அறுதியிட்டுரைப்போர் யார்? 1550-51ஆம் ஆண்டுகளில் இசுப்பானிய நாட்டு வல்லடோலிட் நகரில் நிகழ்ந்த வாதத்தில், சிலர் இயற்கையிலேயே அடிமைகள் என்னும் அரிஸ்டாட்டிலின் கருத்தைக் காட்டி, அமெரிக்கப் பழங்குடிகளை அடிமைப்படுத்தலை ஆதரித்தார் செபுல்வேடா. அதனை எதிர்த்து நின்ற லாஸ் காசாஸ் அடிகளும் அவரை ஒத்த கிறித்தவரே. வலியோர் தம் வசதிக்கு இயற்கை எனப் பெயர் சூட்டும் இடர் இக்கோட்பாட்டில் என்றும் உண்டு.

அங்ஙனமாயின், இக்கோட்பாட்டாற் பயன் என்னை? நம் நாட்டு வரலாறே விடை பகரும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தோனும் தன் தந்தையேனும், தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமேனும் இங்குப் பிறந்தமையைக் காட்டல் வேண்டும் என விதித்தது. பிறப்புப் பதிவுகள் அரிதாயிருந்த தோட்டங்களில் இதனைக் காட்ட வல்லார் மிகச் சிலர். தோட்டத் தமிழருட் பெரும்பாலார் நாடற்றோராயினர். அவ்வவலம் முற்றும் நீங்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. தன் குடிகள் யாவர் என வரையறுக்கும் உரிமை அரசுக்கு உண்டு என்பர். உண்டு, ஆயின், பொதுநலத்திற்கு மாறாகச் சுமையைச் சமமின்றிச் சுமத்தும் விதி, சட்டம் என்பதினும் வன்முறை எனத் தகும் என்பது அக்குவைனாசின் அளவுகோல். மேற்கூறிய விதியின் வாசகம் அனைவர்க்கும் ஒன்றே. அதன் சுமையோ ஓரினத்தார் தோளில் வீழ்ந்தது. கிறித்தவரான செல்வநாயகம் அச்சட்டத்தை எதிர்த்தார். அவ்வெதிர்ப்பின் நியாயத்தை உணர ஒருவர் கிறித்தவராதல் வேண்டுவதில்லை. இயற்கைச் சட்டத்தின் பயன் இதுவே.

இனி, இறையாணைக்கு இடம் யாண்டையது? இதற்கும் ஊவாவிலேயே விடை உண்டு. புத்தளை என்னும் பகுதியிற் பௌத்த உழவரிடையே 1980 முதல் வாழ்ந்து தொண்டாற்றிய மைக்கல் ரொட்ரிகோ அடிகளார், படைத்தோனைக் கூறாத சமயத்தாரோடு அன்பையும் நீதியையும் பொதுமொழியாகக் கொண்டு உறவாடினார். ஆபத்து நெருங்கியபோதும் அம்மக்களை விட்டு நீங்காதிருந்து, 1987 நவம்பர் 10ஆம் நாள் திருப்பலி வேளையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏழையின் பக்கம் நிற்றல் நன்று என்பதை அறிவு எவர்க்கும் காட்டும். உயிர்க்கு அஞ்சாது நிற்குமாறு பணித்தது அவர் கேட்ட அழைப்பேயன்றோ?

ஆகவே, எது அறம் என அறிதற்கு இயற்கைச் சட்டமும், அறிந்ததை இழப்பிற்கு அஞ்சாது ஆற்றுதற்கு இறையாணையும் உரியன எனக் கொள்வதே பொருந்தும். முன்னையதை இழந்த ஆணை கொடுங்கோலாகும். பின்னையதை இழந்த அறிவு ஏட்டளவில் நின்றொழியும்.

இவ்வினா அயலார்க்கே உரியது என நாம் வாளாவிருத்தல் தகாது. வேத விதியால் உணர்த்தப்படுவதே தருமம் என்றார் மீமாம்சை நூலாசிரியர் சைமினி. அவ்வேதத்தை யாராலும் இயற்றப்படாதது எனக் கொண்டமையால், அவர் வழியினர் கண்டது ஆணையிடுவோன் இல்லாத ஆணை. வள்ளுவரோ மனம் மாசற்றிருத்தலிலேயே அறத்தைக் கண்டார். விதியா, உள்ளமா என்னும் வழக்கு நம் இல்லத்திலும் உண்டு. ஊவாவின் மலைச்சரிவில் நிற்கும் அப்பெண்ணின் சொல்லை நீதியின் சொல்லாக ஏற்கும் அறநூல் எதுவோ, அதுவே எச்சமயத்தார்க்கும் அடிப்படையாக நிற்கத் தக்கது.