பாஸ் ஆன டிஸ்க்கும் படுத்துவிட்ட சர்வரும்

சர்வர் அறைப் பக்கமே போகாமல் அங்கிருக்கும் ஒவ்வொரு டிஸ்க்கின் நலத்தையும் திரையில் பார்த்துவிடலாம் என்பதுதான் மானிட்டரிங் மென்பொருள்கள் தரும் வாக்குறுதி. நாகியோஸ், ஜாபிக்ஸ், புரோமிதியஸ் என எதை எடுத்தாலும் இதற்கென்று ஒரு பிளக்-இன் கிடைக்கும். பச்சை வந்தால் நிம்மதி, சிவப்பு வந்தால் டிஸ்க்கை மாற்று. இந்த ஏற்பாடு வீண் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் பெரும்பாலான அலுவலகங்கள் இதில் எந்தப் பகுதியை நம்பியிருக்கின்றனவோ, அந்தப் பகுதிதான் மிகவும் பலவீனமானது.

அடித்தளத்தில் இருப்பது டிஸ்க்குக்குள்ளேயே ஓடும் ‘ஸ்மார்ட்’ என்ற சுயகண்காணிப்பு. 1992-ல் ஐபிஎம் இந்த யோசனையைத் தன் டிஸ்க்குகளில் கொண்டுவந்தது. 1995-ல் காம்பாக் தன் வழியில் செய்தது. பிறகு தொழில்துறைக்கே பொதுவான தரமாயிற்று. டிஸ்க் தன் பிழைகளைத் தானே எண்ணிக்கொண்டுவரும். கேட்டால் ஓர் அட்டவணையையும், கூடவே ‘பாஸ்டு’ அல்லது ‘ஃபெயில்டு’ என்ற ஒற்றைத் தீர்ப்பையும் கொடுக்கும். தீர்ப்புக்கான வரம்பை வைப்பவர் டிஸ்க்கைத் தயாரித்தவர். வாரண்டியில் மாற்றித்தரும் செலவும் அவருடையதுதான். தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்ளும் மாணவனுக்குக் கடுமையான பாஸ் மார்க் வைக்கும் அவசரம் என்ன இருக்கும்? நூற்றுக்கணக்கான செக்டார்கள் பழுதாகி மாற்றப்பட்ட பிறகும் ‘பாஸ்டு’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும் டிஸ்க்குகள் இந்த வேலையில் இருப்பவர்களுக்குப் பழக்கமானவை. பல பிளக்-இன்கள் இந்த ஒற்றை வரியை மட்டும் படித்துவிட்டுப் பச்சை காட்டுகின்றன.

சரி, தீர்ப்பை விட்டுவிட்டு எண்களைப் பார்ப்போம். 2007-ல் கூகுள் ஆய்வாளர்கள் பின்ஹேரோ, வீபர், பரோசோ மூவரும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து வெளியிட்ட கட்டுரை இரண்டு பக்கமும் வெட்டுகிறது. பரப்பை ஸ்கேன் செய்யும்போது முதல் பிழை காட்டிய டிஸ்க், அடுத்த 60 நாளுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு மற்றதைவிட 39 மடங்கு என்று கண்டார்கள். இதைவிட வலுவான அறிகுறி கிடைப்பது கடினம். அதே கட்டுரையில், செத்துப்போன டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேல் நான்கு முக்கிய அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை என்றும் இருக்கிறது. வெப்பநிலை நீங்கலாக எல்லா எண்களையும் சேர்த்துப் பார்த்தாலும் 36 சதவீதத்துக்கும் மேல் சத்தமில்லாமலே போயிருக்கின்றன. ஆக, டிஸ்க் எச்சரித்தால் நம்பலாம். எச்சரிக்கவில்லை என்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

பேக்பிளேஸ் நிறுவனம் 2016-ல் வெளியிட்ட கணக்கு கொஞ்சம் தெம்பு தருகிறது. ஸ்மார்ட் அட்டவணையில் 5, 187, 188, 197, 198 என்ற ஐந்து வரிசைகளை அவர்கள் கவனிக்கிறார்கள். செயலிழந்த டிஸ்க்குகளில் 76.7 சதவீதம் இவற்றில் ஒன்றிலாவது பூஜ்யத்துக்கு மேல் காட்டியிருந்தன. ஓடிக்கொண்டிருந்தவற்றில் 4.2 சதவீதம் மட்டுமே அப்படி. கேட்க அருமையாக இருக்கிறது. பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் சங்கடம் தெரியும். உங்களிடம் 1,000 டிஸ்க். ஆண்டுக்கு 15 போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் 15-ல் 11 அல்லது 12 முன்கூட்டியே காட்டும். மீதி 985-ல் ஏறத்தாழ 41 நல்ல டிஸ்க்கும் அதே அறிகுறியைக் காட்டும். தோராயக் கணக்குதான். ஆனாலும் அலர்ட் வந்ததையெல்லாம் கழற்றினால், உண்மையில் போகவிருந்த ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு நல்ல டிஸ்க்கைத் தூக்கிப்போடுவீர்கள். பட்ஜெட் போடுகிறவர் ஒருமுறை பொறுப்பார். அடுத்த முறை அலர்ட்டையே அணைக்கச் சொல்வார்.

எண் எவ்வளவு என்பதைவிட எண் நகர்கிறதா என்பதைப் பார்ப்பதுதான் இதற்கு வழி. 197-ம் வரிசை, அதாவது படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டார்களின் எண்ணிக்கை, ஒரு நாள் திடீரென 8 என்று காட்டும். பயப்பட வேண்டாம். இன்றைய பல டிஸ்க்குகளில் 4,096 பைட் கொண்ட ஒரே ஒரு பௌதிக செக்டார் கெட்டாலும், 512 பைட் கணக்கில் அது எட்டாகத்தான் பதிவாகும். அந்த 8 ஆறு மாதம் 8 ஆகவே கிடந்தால் டிஸ்க்கை விட்டுவைக்கலாம். ஒரு வாரத்தில் 16, 40, 112 என்று ஏறினால் அன்றைக்கே கழற்ற வேண்டும். நெட்வொர்க் வழிக் கண்காணிப்பின் உண்மையான பலன் இங்கேதான் இருக்கிறது. நேரில் போய் ஒருமுறை பார்ப்பவருக்கு 8 தெரியும், வரலாறு தெரியாது.

இன்னொரு முடிச்சு உண்டு. படிக்காத செக்டாரைப் பற்றி டிஸ்க்குக்கே ஒன்றும் தெரியாது. 15.3 லட்சம் டிஸ்க்குகளை 32 மாதம் கவனித்த 2007-ம் ஆண்டு ஆய்வொன்றில் 3.45 சதவீத டிஸ்க்குகளில் இப்படி ஒளிந்திருந்த பழுதுகள் வெளிப்பட்டன. பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டிய ரெய்டில் ஒரு டிஸ்க் போய், மற்றவற்றை முழுக்கப் படித்து மீட்டெடுக்கும் நேரத்தில்தான் இவை தலைகாட்டும். ஆகவே, மாதம் ஒருமுறையாவது முழுப் பரப்பையும் படிக்கவைக்காத சர்வரில் எவ்வளவு அழகான வரைபடம் வைத்தாலும் பயனில்லை. டெபியன் லினக்ஸின் மென்பொருள் ரெய்டு, மாதத்தின் முதல் ஞாயிறன்று இதைத் தானாகவே செய்கிறது. மற்ற இடங்களில் யாராவது போட்டுவைத்தால்தான் உண்டு.

டிஸ்க் சரியாகச் சொன்னாலும் சேதி நம்மை வந்தடைய வேண்டுமே. ரெய்டு கார்டு உள்ள சர்வரில் இயங்குதளம் பார்ப்பது அந்தக் கார்டு காட்டும் ஒற்றைக் கற்பனை டிஸ்க்கை. அதனிடம் நலம் விசாரித்தால் பின்னால் இருக்கும் எட்டு டிஸ்க்குகள் பதில் சொல்லாது. ஒவ்வொன்றையும் அதன் எண்ணைச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். தகவல் கிடைக்காததைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும் ஸ்கிரிப்ட் வாய்த்துவிட்டால் ஆண்டு முழுவதும் பச்சைதான். புரோமிதியஸில் இதைவிட நுட்பமான பள்ளம் இருக்கிறது. எண்களைக் கோப்பில் எழுதும் கிரான் வேலை என்றைக்கோ நின்றுபோயிருக்கும். சர்வரின் எண்களைப் புரோமிதியஸுக்குத் தரும் நோடு எக்ஸ்போர்ட்டரோ அந்தப் பழைய கோப்பையே விடாமல் பரிமாறிக்கொண்டிருக்கும். கோப்பு எப்போது எழுதப்பட்டது என்பதையும் அது தருகிறது. அதற்கு அலர்ட் வைப்பவர்கள் அபூர்வம்.

மாற்றாக டெல்லின் ஐடிராக், எச்பிஇயின் ஐலோ போன்ற தனிச் சில்லுகளைக் கேட்கலாம். இயங்குதளம் படுத்துவிட்டாலும் இவை பேசும். ரெய்டு குலைந்ததா, கார்டின் பேட்டரி போயிற்றா என்பதில் இவற்றை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் டிஸ்க்கைப் பொறுத்தவரை பெரும்பாலும் மறுபடி அந்த ஒற்றைச் சொல் தீர்ப்புதான். தவிர, இவற்றைத் தனி நெட்வொர்க்கில் வைக்காமல் அலுவலக நெட்வொர்க்கிலேயே, பெட்டியோடு வந்த பாஸ்வேர்டுடன் விடுவது டிஸ்க் போவதைவிடப் பெரிய ஆபத்து.

எந்த எண்ணும் காட்டிக்கொடுக்காத சாவுக்கு 2019 நவம்பரில் எச்பிஇ விடுத்த அறிவிப்பு நல்ல சான்று. அவர்களின் சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகள் ஃபர்ம்வேர் பிழையால் 32,768 மணி நேரம், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும், தரவும் மீளாது. ஒரே நாளில் மாட்டிய டிஸ்க்குகள் ஒன்றாகவே போகும் என்பதால் ரெய்டும் கைகொடுக்காது. பிழை எண்கள் கடைசி நிமிடம் வரை சுத்தமாகவே இருந்திருக்கும். ஆனால் மாடல், ஃபர்ம்வேர் பதிப்பு, ஓடிய மணிநேரம் மூன்றையும் நெட்வொர்க் வழியே சேகரித்து வைத்திருந்தவருக்கு, எந்தெந்த சர்வரில் ஃபர்ம்வேரை உடனே மாற்ற வேண்டும் என்று அன்று மாலையே பட்டியல் கிடைத்திருக்கும். கணிப்புக் கருவியாகத் தடுமாறும் இந்த ஏற்பாடு, இருப்புப் பதிவேடாக இப்படி நிமிர்ந்து நிற்கிறது. விளம்பரங்களில் இதை யாரும் சொல்வதில்லை.

ஆகவே என் தீர்ப்பு: கண்காணிப்பு வேண்டும், ஒற்றைச் சொல் நலச் சான்று வேண்டாம். ஐந்து வரிசைகளின் ஏற்றத்தை இயங்குதளத்தின் உள்ளிருந்து எடுக்க வேண்டும், ரெய்டின் நிலையைத் தனிச் சில்லிடம் கேட்க வேண்டும். டிஸ்க்கின் பதில் தாமதமாவதையும் கூடவே பார்ப்பது நல்லது. வேக அளவுகளையும் சேர்த்தால் கணிப்பு மேம்படுகிறது என்று 2020-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பேக்கப்புக்கு இதில் எதுவும் ஈடாகாது. நள்ளிரவில் போன் அடிக்க வேண்டிய காரணங்கள் இரண்டே: ரெய்டு குலைந்தது, அல்லது ஏதோ ஒரு சர்வரிலிருந்து எண்கள் வருவதே நின்றது. ஐந்து வரிசைகளில் ஏற்றம் என்றால் காலையில் வந்து பார்க்கலாம், மாற்று டிஸ்க் அலமாரியில் தயாராக இருக்கும் பட்சத்தில்.